கவசத்தைக் கழற்றிய பூனை

வீட்டில் பூனையும் கணினியும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதுதான். நாம் மும்முரமாக ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருப்போம். பூனை வரும். விசைப்பலகையின் மேல் நாலு காலையும் பதித்து, அவசரமே இல்லாமல் மேசையின் மறுபக்கம் போகும். திரையில் ஒரே எழுத்து ஒரு வரி முழுக்க நிற்கும்.

'காட்டோ ரொபோட்டோ' என்ற வீடியோ கேம் இந்தக் காட்சியில்தான் தொடங்குகிறது. கைவிடப்பட்ட ஓர் ஆய்வு நிலையத்திலிருந்து அபாய அழைப்பு வருகிறது. என்னவென்று பார்க்க விண்கலத்தில் போகிறார் கேரி. கூடவே அவருடைய பூனை கிகி. பூனை கட்டுப்பாட்டுப் பலகையில் கால் வைக்க, கலம் போய்த் தரையில் மோதுகிறது. கேரி உள்ளே சிக்கிக்கொள்கிறார். வெளியே இறங்கி வழி தேடும் பொறுப்பு, காரியத்தைக் கெடுத்த பூனையின் தலையிலேயே விழுகிறது. சற்றுத் தூரத்தில் அதற்கொரு எந்திரக் கவசம் கிடைக்கிறது. பூனை அதற்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பிறகு ஆட்டம்தான்.

டொயின்க்சாஃப்ட் என்ற சிறிய குழு உருவாக்கி, டெவால்வர் டிஜிட்டல் 2019 மே மாதம் வெளியிட்ட விளையாட்டு இது. 'காட்டோ' என்றால் ஸ்பானிய மொழியில் பூனை. தாவித் தாவி மேடுபள்ளம் கடக்கும் விளையாட்டுகளைப் பிளாட்ஃபார்மர் என்பார்கள். அதிலேயே, நேர்கோட்டில் ஓடாமல் சுற்றித் திரிந்து, போன இடத்துக்கே திரும்பி வந்து, முன்பு அடைத்திருந்த வழியைத் திறக்கும் வகைக்கு 'மெட்ராய்ட்வேனியா' என்று பெயர். நின்டெண்டோவின் 'மெட்ராய்ட்', கொனாமியின் 'காசில்வேனியா' என்ற இரண்டு பெயர்களை ஒட்டிப்போட்ட சொல் அது. இந்த வகையில் பல விளையாட்டுகள் இருபது, முப்பது மணி நேரத்தை விழுங்கும். காட்டோ ரொபோட்டோவை மூன்று, நான்கு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

விடுமுறைக்கு வந்திருந்த தம்பி மகன் இதை ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு மணி நேரம் கழித்து அவனிடம் "இன்னும் எவ்வளவுடா இருக்கு?" என்றேன். "இது பெரிய எடம் பெரியப்பா" என்றான். உண்மையில் அது சின்ன இடம். பார்த்த அறைகளையேதான் அவன் மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன இடம் எப்படிப் பெரிய இடமாகத் தெரிந்தது? இதில் கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் கணிதம், கொஞ்சம் மூளையியல் மூன்றும் இருக்கின்றன.

தாவல் என்ற அளவுகோல்

பொத்தானை அழுத்தினால் பூனை தாவுகிறது. உள்ளே நடப்பது பள்ளிக்கூடத்து இயக்கச் சமன்பாடுதான். பெரும்பாலான விளையாட்டுகள் திரையை வினாடிக்கு 60 முறை புதிதாக வரைகின்றன. அப்படி ஒரு முறை வரைவது ஒரு சட்டகம். ஒவ்வொரு முறையும் கணினி இரண்டு கூட்டல் போடுகிறது. இருக்கும் இடத்தோடு வேகத்தைக் கூட்டு. வேகத்தோடு ஈர்ப்பைக் கூட்டு. இந்த இரண்டை விடாமல் செய்தாலே போதும், கல்லெறிந்தால் வரும் அதே பரவளையம் திரையில் வந்துவிடும்.

வேறுபாடு ஒன்று உண்டு. இயற்கையில் ஈர்ப்பு முதலில் இருக்கிறது. நாம் எவ்வளவு தாவ முடியும் என்பது அதற்குப் பிறகு வருகிறது. விளையாட்டில் தலைகீழ். 'என் நாயகன் இவ்வளவு உயரம், இவ்வளவு நேரத்தில் தாவ வேண்டும்' என்று வடிவமைப்பவர் முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற ஈர்ப்பைக் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். உயரத்தை இரண்டால் பெருக்கி, உச்சிக்குப் போகும் நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஈர்ப்பு வந்துவிடும்.

விளக்கத்துக்காக நானே சில எண்களைப் போட்டுப் பார்க்கிறேன். நாயகன் திரையில் 16 புள்ளி உயரம். 64 புள்ளி உயரம் தாவ வேண்டும். உச்சிக்குப் போக 24 சட்டகம், அதாவது 0.4 வினாடி. ஒரு வீட்டுப் பூனை நின்றால் தோள் வரை ஏறத்தாழ 25 செ.மீ. இருக்கும். 16 புள்ளியை 25 செ.மீ. என்று கொண்டால் 64 புள்ளி என்பது 1 மீட்டர். 1 மீட்டரை 0.4 வினாடியில் எட்ட, ஈர்ப்பு முடுக்கம் 12.5 ஆக இருக்க வேண்டும். நம் பூமியில் அது 9.8. பூமியின் ஈர்ப்பையே வைத்தால் அதே தாவலுக்கு 0.45 வினாடி ஆகும். வெறும் மூன்று சட்டகம்தான் கூடுதல். ஆனால் அந்த மூன்று சட்டகத்தைக் கை உணர்ந்துவிடும். நாயகன் மிதப்பதுபோல் இருக்கும். அதனால்தான் பல விளையாட்டுகளில் ஈர்ப்பு பூமியைவிடக் கனமாக வைக்கப்படுகிறது. ஏறும்போது ஓர் ஈர்ப்பு, இறங்கும்போது அதைவிடக் கூடுதலான ஈர்ப்பு என்று இரண்டு வைத்துக்கொள்வதும் உண்டு. நியூட்டன் கோபித்துக்கொள்வார், ஆடுபவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொரு சலுகையும் இந்தத் துறையில் வழக்கம். மேட்டின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும், சில சட்டகங்கள் வரை தாவல் பொத்தானை ஏற்றுக்கொள்வார்கள். இதற்குக் 'கோயோட்டி நேரம்' என்று பெயர். பழைய கார்ட்டூனில் கோயோட்டி என்ற விலங்கு மலை விளிம்பைத் தாண்டி ஓடி, கீழே குனிந்து பார்க்கும்வரை விழாமல் நிற்குமே, அதை நினைத்து வைத்த பெயர். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அழுத்துவதற்குள் ஒரு சிறு தாமதம் ஆகிவிடுகிறது. அந்தத் தாமதத்துக்கான தள்ளுபடி இது. 'சரியாகத்தானே அழுத்தினேன்' என்ற புகார் வராமல் பார்த்துக்கொள்கிறது.

தாவலைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம், இந்த உலகத்துக்கு அதுதான் அளவுகோல். 64 புள்ளி தாவுகிறவனுக்கு 60 புள்ளி மேடு ஒரு படி. 70 புள்ளி மேடு சுவர். நடுவில் ஒரு புதுத் திறன் கிடைத்து, காற்றில் இருக்கும்போதே இன்னொரு முறை தாவலாம் என்று ஆகிவிட்டால், நிலையத்தில் உள்ள 70 புள்ளிச் சுவர்கள் அத்தனையும் ஒரே கணத்தில் படிகளாகிவிடுகின்றன. ஓர் அறைகூடப் புதிதாக வரையப்படவில்லை. ஒரே ஓர் எண்தான் மாறியது.

கவசத்துக்குள் பூனை

கவசத்துக்குள் இருக்கும்வரை கிகி ஒரு சின்ன டாங்கி. சுடும், ஏவுகணை விடும், அடி தாங்கும். ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் பூனை கவசத்தை விட்டுக் குதித்து வெளியே வந்துவிடும். கவசம் அங்கேயே நிற்கும். வெளியே வந்த பூனையால் சுட முடியாது. ஒரே அடியில் உயிர் போய்விடும். பதிலுக்கு, கவசத்தால் முடியாத மூன்று வேலைகளை அது செய்யும். செங்குத்துச் சுவரில் ஏறும், குறுகிய குழாய்க்குள் நுழையும், தண்ணீரில் நீந்தும்.

நீச்சலைக் கேட்டால் வீட்டுப் பூனை ஒப்புக்கொள்ளாது. மற்ற இரண்டும் உடற்கூறு சொல்லும் உண்மைகள். நமக்குக் காறை எலும்பு தோளையும் மார்பெலும்பையும் இறுக இணைத்திருக்கிறது. அதனால் நம் தோள் அகலத்தைக் குறைக்க முடியாது. பூனைக்கு அந்த எலும்பு மிகச் சிறியது. எந்த எலும்போடும் மூட்டு போடாமல் தசைக்குள் சும்மா கிடக்கிறது. எனவே தலை நுழையும் இடத்தில் பெரும்பாலும் உடலும் நுழைந்துவிடுகிறது. பூனை எந்தப் பாத்திரத்தில் உட்கார்ந்தாலும் அந்தப் பாத்திரத்தின் வடிவத்துக்கு வந்துவிடுவதை வைத்து, 'பூனை திண்மமா, திரவமா' என்று பாய்பொருளியல் கணக்குகளோடு ஒரு கட்டுரை எழுதினார் மார்க்-அந்துவான் ஃபார்தான் என்ற இயற்பியலாளர். அதற்காக 2017-இல் அவருக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் பரிசு அது.

நகமும் அப்படித்தான். பூனையின் நகம் பின்னோக்கி வளைந்த கொக்கி. மேலே ஏறும்போது உடல் எடையே கொக்கியை மரத்தில் இறுக்குகிறது. தலைகீழாக இறங்கினால் அதே கொக்கி பிடிமானம் தராது. மரத்தில் ஏறிய பூனை இறங்கத் தெரியாமல் கத்துவது இதனால்தான். பின்புறமாகவே சறுக்கிச் சறுக்கி இறங்கும். தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் மார்கே என்ற காட்டுப்பூனை பின்னங்கால் கணுவைத் திருப்பிக்கொள்ளும் ஆற்றல் உள்ளது. அது அணில்போலத் தலைகீழாக இறங்கிவிடும்.

சிறு உருவாகிச் சந்துக்குள் நுழையும் இந்த உத்திக்கு 1986-இல் வந்த மெட்ராய்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. குறுகிய சந்துக்குள் போக, அதன் நாயகி சாமுஸ் பந்தாகச் சுருண்டு உருளுவாள். அவள் தவழ்ந்து போவதாக வரைந்து அசைப்பது அன்றைய வசதிக்குக் கடினமாக இருந்ததால் பிறந்த யோசனை அது. காட்டோ ரொபோட்டோவில் அந்தப் பந்தின் இடத்துக்கு ஒரு பூனை வந்திருக்கிறது. பார்க்கச் சிறு மாற்றம். ஆனால் பந்து சாமுஸின் உடம்பேதான். அவள் எங்கே போனாலும் கூடவே வரும். கவசம் அப்படி வராது. விட்ட இடத்தில் நிற்கும். சின்ன நிலையம் பெரிதாவது இங்கேதான்.

10 அறை, 110 நிலை

ஒரு காகிதத்தில் 10 அறைகளுக்குப் பத்துப் புள்ளி வையுங்கள். கதவு இருக்கும் இடத்தில் கோடு போடுங்கள். அறை எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் என்பது மறைந்து, எது எதோடு சேர்கிறது என்பது மட்டும் மிஞ்சும். கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒரே ஒரு முறை மட்டும் கடந்து வர முடியுமா என்ற கேள்விக்கு 1736-இல் கணிதவியலாளர் ஆய்லர் இந்தக் கண்ணோட்டத்தில்தான் விடை சொன்னார். முடியாது என்பது விடை. ஊரின் பரப்பு அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

இந்த 10 அறைக்குள் சாதாரண நாயகன் ஒருவனை விட்டால், அவன் இருக்கக்கூடிய நிலைகள் 10. இப்போது பூனையையும் கவசத்தையும் விடுங்கள். கவசத்துக்குள் பூனை இருந்தால், இருவரும் ஒரே இடத்தில், 10 நிலை. பூனை வெளியே வந்துவிட்டால், பூனை 10 அறையில் எதிலும் இருக்கலாம், கவசமும் 10 அறையில் எதிலும் நிற்கலாம்; பத்தைப் பத்தால் பெருக்க 100. ஆக மொத்தம் 110. கட்டடம் அதேதான். 'கவசத்தை விட்டு இறங்கலாம்' என்ற ஒரே விதி அதைப் பதினோரு மடங்காக்கிவிட்டது.

அடுத்து வடிவமைப்பவர் கத்தரிக்கோலை எடுக்கிறார். பத்தில் நாலு அறைகள் குழாய்களும் தண்ணீர்த் தொட்டிகளும். அங்கே கவசம் போகாது. கவசத்தோடு இருக்கும் நிலைகள் 6 ஆகிவிடும். பூனை தனியாக இருக்கும் நிலைகள் 10 முறை 6, அதாவது 60. கூட்டினால் 66. இந்த 66-இல் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கேள்வி ஒளிந்திருக்கிறது: கவசம் எங்கே, நான் எங்கே, எதிரி எங்கே? பூனையாகக் குழாய்க்குள் புகுந்து அந்தப் பக்கம் போய் ஒரு பூட்டைத் திறந்துவிட்டு, வந்த வழியே திரும்பி, கவசத்தில் ஏறி, திறந்த கதவு வழியாக நடந்து போக வேண்டும். ஒரே அறையை இரண்டு உடம்போடு இரண்டு முறை பார்க்கிறோம். முதல் முறை அது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும் இடம். இரண்டாம் முறை அதே எதிரிகளைக் கணக்குத் தீர்க்கும் இடம்.

ஏவுகணை இருக்கிறதா இல்லையா, இரண்டாம் தாவல் இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொரு திறனும் வந்து சேரும்போது எண்ணிக்கை மறுபடி இரட்டிக்கலாம். 66 என்பது இரண்டு திறனில் 264 வரை போகும். எல்லா நிலைகளும் ஆட்டத்தில் வருவதில்லை. சிலவற்றை எட்டவே முடியாது. எட்ட முடிந்து, திரும்ப முடியாத நிலை ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. அப்படி ஒன்று தப்பித்தவறி இருந்துவிட்டால், ஆடுபவர் சுவருக்குள் வைத்துக் கட்டப்பட்டவர்போல் சிக்கிக்கொள்வார்.

கவசத்தை விடுவதா வேண்டாமா என்று குழாய் வாயில் தம்பி மகன் தயங்கி நிற்பான். மதில்மேல் பூனை என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டே நிறம்

இத்தனையும் நடப்பது கறுப்பு வெள்ளையில். சாம்பல்கூடக் கிடையாது. ஒரு புள்ளி ஒன்று எரியும், அல்லது அணைந்திருக்கும். ஒரு புள்ளிக்கு ஒரு பிட். 1984-இல் வந்த முதல் மெக்கின்டோஷ் கணினியின் திரையும் இப்படித்தான் இருந்தது. அகலத்தில் 512 புள்ளி, உயரத்தில் 342. பெருக்கினால் 1,75,104 பிட். எட்டால் வகுத்தால் 21,888 பைட். அதே அளவுத் திரையை இன்றைய வழக்கப்படி புள்ளிக்கு 24 பிட் நிறத்தில் வைத்தால் 24 மடங்கு இடம் வேண்டும். அன்று அது கட்டாயம். இன்றைய கருவிகளில் விரும்பி ஏற்கும் விரதம்.

விரதத்துக்குப் பலன் உண்டு. எட்கர் ரூபின் என்ற டேனிஷ் உளவியலாளர் 1915-இல் பெயர்பெற்ற ஒரு படத்தை வெளியிட்டார். பார்த்தால் ஒரு ஜாடி தெரியும். இன்னொரு முறை பார்த்தால் இரண்டு முகங்கள் எதிரெதிரே தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் தெரியாது. நம் பார்வை எப்போதும் ஒன்றை உருவமாகவும் மற்றதைப் பின்புலமாகவும் பிரித்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு அது சான்று. இரண்டே நிறம் உள்ள விளையாட்டில் இந்தப் பிரிப்பு தவறினால் ஆடவே முடியாது. எனவே வெளிச்சக் கோடு போட்டது தரை, இருட்டாக இருப்பது வெளி என்பது போன்ற ஒழுங்கை விடாமல் காக்க வேண்டியிருக்கிறது. அலங்காரத்துக்கு அதிக இடமில்லை. திரையில் தெரிபவை பெரும்பாலும் மிதிக்கவோ, தப்பவோ, எடுக்கவோ உரியவை. அதனால் ஓர் அறையை ஒரே பார்வையில் படித்துவிடலாம். பிறகு நினைவிலும் வைத்துக்கொள்ளலாம்.

நிலையத்தில் அங்கங்கே ஒளித்து வைத்த சிறு பேழைகள் உண்டு. அவற்றை எடுத்தால் கறுப்பும் வெள்ளையும் வேறு இரண்டு நிறங்களாக மாறும். படம் மாறுவதில்லை. படத்தில் எழுதியிருப்பது சுழியம், ஒன்று என்ற எண்கள் மட்டுமே. சுழியம் என்றால் எந்த நிறம், ஒன்று என்றால் எந்த நிறம் என்று சொல்லும் இரண்டு வரிப் பட்டியல் தனியே இருக்கிறது. அந்தப் பட்டியலை மாற்றினால் மொத்த உலகமும் வேறு சாயத்தில் முங்கி எழுகிறது.

எலியின் வரைபடம்

இந்த விளையாட்டில் பூனைக்கு வாய்த்த எதிரிகளில் ஓர் எலியும் உண்டு. அதுவும் எந்திரக் கவசத்துக்குள் உட்கார்ந்துதான் சண்டைக்கு வருகிறது. வெளியே, ஆய்வுக்கூடங்களிலும் எலிக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது.

1930-இல் உளவியலாளர் எட்வர்ட் டோல்மனும் அவருடைய சகா ஹான்சிக்கும் எலிகளைப் புதிர்ப்பாதையில் விட்டார்கள். ஒரு கூட்டத்துக்குப் பாதை முடிவில் தினமும் உணவு. இன்னொன்றுக்கு எப்போதும் இல்லை. மூன்றாம் கூட்டத்துக்குப் பத்து நாள் ஒன்றும் இல்லை. பதினோராம் நாள்தான் முதன்முதலாக உணவு. அந்தப் பத்து நாளும் அவை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்ததாகத்தான் தெரிந்தது. ஆனால் உணவைக் கண்ட மறுநாளே, முதலிலிருந்து பரிசு பெற்றுவந்த எலிகளுக்கு ஈடாக ஓடின. பலன் இல்லாமல் சுற்றிய நாட்களில் அவற்றின் தலைக்குள் ஏதோ படிந்துகொண்டே இருந்திருக்கிறது. 1948-இல் அதை 'அறிவு வரைபடம்' என்றார் டோல்மன்.

அந்த வரைபடம் எங்கே எழுதப்படுகிறது? 1971-இல் ஜான் ஓ'கீஃப், எலி மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் சில செல்களைக் கண்டார். எலி அறையின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் ஒரு செல் துடிக்கும். வேறு இடத்துக்குப் போனால் வேறொரு செல். 2005-இல் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் அடங்கிய குழு, ஹிப்போகேம்பஸுக்கு அருகே இன்னொரு வகையைக் கண்டது. அந்தச் செல் ஒவ்வொன்றும், தரை முழுக்க அறுகோண அடுக்கில் புள்ளி வைத்ததுபோல் சீரான இடைவெளிகளில் துடித்தது. நம் வீட்டு வாசலில் இடும் புள்ளிக்கோலத்தில் இடைப்புள்ளி வைப்போமே, அந்த அமைப்பு. மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

திரைக்குள் இருக்கும் இடத்துக்கும் இது பொருந்துமா? வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையில் மின்முனை பொருத்தப்பட்டிருந்த சிலர் ஒரு கணினி விளையாட்டை ஆடியபோது அவர்களின் செல்களைப் பதிவு செய்த ஆய்வு 2003-இல் வெளியானது. கற்பனை ஊர் ஒன்றில் டாக்சி ஓட்டிப் பயணிகளைக் கடைகளில் இறக்கிவிடும் விளையாட்டு அது. ஊர் பொய். ஆனால் அந்த ஊரின் இன்ன இடத்துக்கு வந்தால் துடிக்கும் செல்கள் ஹிப்போகேம்பஸில் மெய்யாகவே இருந்தன.

சின்ன விளையாட்டின் பலம் இங்கே தெரிகிறது. முப்பது மணி நேர உலகத்தில் பத்தாம் மணியில் பார்த்த கதவு இருபதாம் மணியில் நினைவில் நிற்காது. வரைபடத்தைத் திறந்து குறி தேட வேண்டும். நாலு மணி நேர உலகம் முழுவதையும் தலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். தலைக்குள் இருக்கும் வரைபடத்தில்தான், ஒரு புதுத் திறன் கிடைத்த கணத்தில் பத்து இடங்கள் ஒன்றாக எரியும்.

தம்பி மகனுக்கு அன்று ஓர் அறை பிடிகொடுக்கவில்லை. உயரத்தில் ஒரு குழாய் வாய். சுவர் நேராக இல்லாததால் பூனையாலும் ஏற முடியவில்லை, கவசத்தாலும் எட்டவில்லை. ஏழெட்டு முறை தாவிப் பார்த்தான். "இப்ப எட்டாது பெரியப்பா, அப்புறம் வரணும்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போனான். மறுநாள் ஊருக்குப் போய்விட்டான். நடுவில் பள்ளி, தேர்வு. ஒன்றரை மாதம் கழித்து வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் இரண்டாம் தாவல் கிடைத்தது. அதைச் சோதித்துப் பார்க்க அங்கேயே ஒரு முறை குதித்தான். பிறகு யோசிக்கவே இல்லை. இடப்பக்கம் திரும்பி, இரண்டு அறை கடந்து, கீழே இறங்கி, மறுபடி இடப்பக்கம். அந்தக் குழாயின் நேர் கீழே போய் நின்றான்.